பதினேழாம் நம்பர் விளக்கு

வங்கி வேலை என்பது பாதி எழுதுவது, மீதி காத்திருக்கிறவர்களின் முகத்தைப் பார்க்காமல் இருப்பது. நீங்களும் பித்தளை டோக்கனைக் கையில் பிடித்தபடி பெஞ்சில் வெந்தவர்கள்தானே, கேளுங்கள். எழுபதுகளின் தொடக்கத்தில், உப்புக்காற்றில் பேனா நிப்புகூடத் துருப்பிடிக்கும் தூத்துக்குடியில் நான் ஒரு வங்கிக் கிளார்க்.

கேட்காத டோக்கன்

சூசை அண்ணாச்சி கடலில் மூழ்கிச் சங்கு எடுப்பவர். மகள் பிரசவத்துக்கு ஆஸ்பத்திரியில் இருந்தாள். பணம் எடுக்கக் காலையிலேயே வந்து உட்கார்ந்தார். பியூன் பேச்சிமுத்து "பதினேழு!" என்று மூன்று தரம் கூப்பிட்டார். யாரும் எழவில்லை. இரண்டு மணிக்குக் கவுன்ட்டரை மூடியபோதும் அண்ணாச்சி அப்படியே இருந்தார். கையில் பார்த்தால் டோக்கன் பதினேழு.

கேஷியரைக் கெஞ்சிப் பெட்டியைத் திறக்கவைத்தேன். "கூப்பிட்டோமே, கேக்கலையா?" என்று அண்ணாச்சியின் காதருகே கத்தினேன். கோபமே இல்லாமல் சொன்னார்: "முங்கி முங்கி ரெண்டு காதும் போச்சு தம்பி. ஒரு கையைக் காட்டியிருந்தா ஓடி வந்திருப்பேனே."

பிஸ்கட் டின்

அந்த வார்த்தை என்னை விடவில்லை. ரேடியோ ரிப்பேர் கடை நண்பனோடு ஞாயிறுதோறும் உட்கார்ந்து, பிஸ்கட் டின் தகரத்தில் நம்பர் நம்பராக வெட்டி, பின்னால் பல்பும் சுவிட்சும் வைத்து ஒரு போர்டு செய்தேன். எந்த நம்பர் எரிகிறதோ அந்த டோக்கன்காரர் எழுந்து வரலாம். மேனேஜர் அதை இரண்டு மாதம் அலமாரியில் பூட்டிவைத்தார். தீப்பிடித்தால் யார் பொறுப்பு என்பது அவர் கவலை.

ஒருநாள் சூசை அண்ணாச்சியைக் கூப்பிட மேனேஜரே பெஞ்சுவரை நடக்க வேண்டிவந்தது. திரும்பி வந்து சாவியை நீட்டினார்: "ஒரு வாரம் மாட்டிப் பாரும். புகை வந்தா நீரும் வெளிய போகவேண்டியதுதான்."

பேச்சிமுத்துவின் ஸ்டூல்

போர்டு மாட்டிய அன்று பேச்சிமுத்து என்னோடு பேசவில்லை. யூனியனில் புகார் கொடுத்திருந்தார். டீக்கடையில் மடக்கிக் கேட்டேன். "நாலு பிள்ளைய சார். விளக்கே கூப்பிட்டா நான் எதுக்கு?" என்றார்.  இதை நான் யோசித்தே இருக்கவில்லை.

மறுநாள் சுவிட்சுகளைக் கேஷியர் மேஜையிலிருந்து கழற்றி, பேச்சிமுத்துவின் ஸ்டூல் பக்கம் மாட்டினேன். சுவிட்சைப் போடுவார், பழக்கம் விடாமல் கூப்பிடவும் செய்வார். புகாரை அவரே திரும்ப வாங்கிக்கொண்டார். அந்த வாரமே சூசை அண்ணாச்சி வந்தார். விளக்கு எரிந்ததும் எழுந்து, வேட்டியைச் சரிசெய்துகொண்டு நேரே கவுன்ட்டருக்கு வந்தார். பேச்சிமுத்து என் பக்கம் திரும்பினார்: "பாத்தியளா சார், நான் கூப்பிட்டது அவருக்குக் கேட்டுட்டு!"

அந்தத் தகரப் போர்டுதான் பின்னாளில் என்னைப் பம்பாய் தலைமை அலுவலகத்துக்குக் கூட்டிப்போய் வங்கியின் இயந்திரப் பிரிவுக்கே தலைவனாக்கியது. அங்கே நான் கற்றதெல்லாம், இயந்திரம் செய்ய ஒரு மாதம் போதும், அதற்கு மேலிடத்தில் ஒரு அனுமதிக் கையெழுத்து வாங்குவதற்குள்தான் தலை நரைத்துவிடும் என்பதுதான்.