நம்ம எலெக்‌ஷன்

எனக்கு அமெரிக்காவில் எம்.எஸ். படிக்க இடம் கிடைத்திருந்தது. விசா மட்டும்தான் பாக்கி. விசா நேர்காணலுக்குக் கிடைத்த தேதி, அங்கே அதிபர் தேர்தல் முடிந்த அடுத்த வாரத்தில் விழுந்தது. அந்த ஒரே காரணத்துக்காக சித்தூரில் எங்கள் வீட்டில் எல்லாருக்கும் அமெரிக்க அரசியல் தெரிந்துபோனது.

எங்கள் வீட்டில் முதலில் படித்தவன் நான். நைனா பள்ளிக்கூட வாசலை மிதித்தது தொலைந்துபோன மாட்டைத் தேடிப் போன அன்றைக்கு மட்டும்தான். இதை அவரே சொல்லிச் சிரிப்பார். அவருக்கு மாம்பழக் கூழ் ஃபேக்டரியில் வேலை. சீசன் முடிந்த பிறகும் டிரம்களை உருட்டி கன்டெய்னரில் ஏற்றும் வேலை இருக்கும். டிரம்கள் எந்தெந்த நாட்டுக்கோ போகின்றன. நைனாவுக்கு வெளிநாடு என்றால் அமெரிக்காதான்.

"அந்த ஆம்பள வந்தா எல்லாத்துக்கும் வரி போட்டுடுவானாம்டா. சூப்பர்வைசர் சொல்லிக்கினு இருந்தாரு. அந்தம்மா வரட்டும்."

அம்மாவுக்கு இதில் நம்பிக்கையே இல்லை. "பொம்பள வந்தா மட்டும்? எங்கம்மா ஊருல பஞ்சாயத்து சர்பஞ்ச் அம்மாவப் பாத்தியே. கையெழுத்து அவுங்களுது, வாயி அவுங்க வூட்டுக்காரருது. இதுக்கு அந்த ஆம்பளயே வந்துட்டுப் போவட்டும்."

"அது அமெரிக்காடீ."

"அமெரிக்காவுல புருசன் இல்லியா?"

விசா கோச்சிங்குக்காகத் திருப்பதியில் நான் தங்கியிருந்த ரூமில் வேறு விதமான சண்டை. ரூம்மேட் தெலுங்குக்காரன், கல்லூரியில் இருந்தே நண்பன். அவனுக்கும் அதே நாளில் சென்னையில் அதே இடத்தில் நேர்காணல். என்னை 'அரவம்' என்றுதான் கூப்பிடுவான். தமிழ் பேசுகிறவனைத் தெலுங்குக்காரர்கள் கேலியாகச் சொல்லும் பேர் அது. ரெண்டு கட்சியிலும் யாரோ ஒருவருக்கு நம்ம பக்கத்து உறவு இருப்பதாக வாட்ஸ்அப்பில் தினமும் வந்துகொண்டிருந்தது. அவன் ஒரு கட்சியைப் பார்த்து 'மனவாடு' என்பான், நம்மாளு என்று அர்த்தம். நான் அடுத்த கட்சியைப் பார்த்து 'நம்மாளு' என்பேன். ரெண்டு பேருக்கும் அந்த நாட்டில் ஒரு பெட்டிக்கடைக்காரரைக்கூடத் தெரியாது.

முடிவு வந்த அன்று நாங்கள் விசா கோச்சிங் சென்டரில் இருந்தோம். தெலுங்கு சேனல் 'சாரித்ராத்மகம், சாரித்ராத்மகம்' என்று கத்திக்கொண்டிருந்தது. எவர் ஜெயித்தாலும் சரித்திரம் என்று முதல் நாளே சொல்லிவிட்டார்கள். அந்தம்மா தோற்றுவிட்டது உறுதியானதும் நண்பன் என் முதுகில் ஒன்று வைத்தான்.

"ஏமி அரவம், உங்காளு அவுட்டு!"

"உங்காளு வந்தா உனக்கு விசா வூட்டுக்கு வருமா?"

"வஸ்துந்தி ரா. லீகலா போறவனுக்கு அவன் ஒண்ணும் செய்ய மாட்டான்."

பின்பெஞ்சில் இருந்த பெண் அழுதேவிட்டாள். இனி ஒருத்தரையும் உள்ளே விடமாட்டார்கள் என்று அவள் அக்கா டெக்சாஸில் இருந்து மெசேஜ் போட்டிருந்தாள். எங்கள் சீனியர் ஒருவர் அங்கிருந்து 'இப்போ வராதீங்கடா, நிலைமை சரியில்லை' என்று குரல் பதிவு அனுப்பினார். மறுநாள் அவரே பனியில் குதித்து நிற்கும் போட்டோ போட்டார். எதை நம்புவது?

கோச்சிங் சார் மட்டும் பதறவில்லை. "ஜனவரியில்தான் நாற்காலியில உக்காருவாரு. அதுக்குள்ள நாம உள்ள போயிடணும். எலெக்‌ஷனப் பத்திக் கேட்டா, 'ஐ ஃபாலோ ஒன்லி மை ஸ்டடீஸ்'. அவ்ளோதான். யாருக்காவது வாயி நீண்டுச்சுன்னா நான் பொறுப்பில்ல."

இங்கே எங்கள் பக்கத்துப் பழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். முன்பின் தெரியாத பெரியவரிடம் 'உங்க ஊர் எது' என்று கேட்டால் அது ஒரு வெட்டு. 'நமக்கு எந்த ஊருங்க' என்று கேட்டால்தான் மரியாதை. ஊர் அவருடையது, வீடு அவருடையது, கல்யாணம் ஆகப்போவது அவர் பெண்ணுக்கு. ஆனாலும் கேட்கும்போது நம்ம ஊரு, நம்ம வீடு, நம்ம பாப்பா கல்யாணம். தெலுங்கிலும் இதேதான், 'மனதி ஏ ஊரண்டி'. பஸ்ஸில், ஆஸ்பத்திரியில், தாசில்தார் ஆபீஸில் இப்படித்தான் பேசி வளர்ந்தேன். அதை ஒரு பழக்கம் என்று நினைத்துப் பார்த்ததுகூடக் கிடையாது.

சென்னை அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் கண்ணாடிக்குப் பின்னால் இருந்த அதிகாரி ஒரு பெண்மணி. கடுமை இல்லாத முகம். எந்த யுனிவர்சிட்டி, ஏன் அந்தப் படிப்பு, அப்பாவுக்கு என்ன வேலை என்று கேட்டார். எல்லாம் தயார் செய்த பதில்கள், தடங்கல் இல்லாமல் வந்தன. கீபோர்டில் தட்டிக்கொண்டே, "திருப்பதியா, பெரிய கோயில் இருக்கிற ஊர்தானே?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். பிறகு, சும்மா ஒரு பேச்சுக்கு, "எலெக்‌ஷனை எல்லாம் அங்கே கவனிக்கிறார்களா?" என்றார்.

சார் சொல்லிக்கொடுத்த வாக்கியம் தொண்டையில்தான் இருந்தது. ஆனால் அவ்வளவு அன்பாகக் கேட்டவரிடம் 'நான் படிப்பைத்தான் கவனிக்கிறேன்' என்று சொல்வது முகத்தில் கதவைச் சாத்துவது போல இருந்தது. மரியாதையாகப் பதில் சொல்ல நினைத்தேன்.

"எஸ் மேடம். எவ்ரிபடி இஸ் வாச்சிங் அவர் எலெக்‌ஷன்."

அதிகாரியின் கை கீபோர்டில் நின்றது. "அவர் எலெக்‌ஷன்?"

காதில் சரியாக விழவில்லை என்று நினைத்துவிட்டேன். மைக்குக்குக் கிட்டே போய், கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன். "எஸ் மேடம், அவர் எலெக்‌ஷன். அவர் நியூ பிரசிடென்ட்."

அவர் சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. படிப்பு முடிந்து என்ன செய்வாய் என்று கேட்டார். திரும்பி வருவேன், சித்தூரில் அப்பா அம்மா இருக்கிறார்கள் என்றேன். உண்மையைத்தான் சொன்னேன், ஆனால் எனக்கே அது மனப்பாடம் செய்தது போலக் கேட்டது. பாஸ்போர்ட்டோடு ஒரு அச்சடித்த தாளை வைத்துக் கண்ணாடிக்குக் கீழே தள்ளினார். திரும்பி வருவேன் என்று நான் நிரூபிக்கவில்லையாம். மறுக்கப்பட்ட எல்லாருக்கும் அதே தாள்தான்.

நண்பனுக்கு அடுத்த ஜன்னலில் கிடைத்துவிட்டது. வெளியே வந்து சந்தோஷத்தைக் காட்டாமல் இருக்க ரொம்பப் பாடுபட்டான். திரும்பும் பஸ் திருப்பதியை நெருங்கி வடமாலபேட்டையைத் தாண்டியது. அப்போதுதான் என்ன ஆச்சு என்று கேட்டான், சொன்னேன்.

"மன எலெக்‌ஷனா? ஒரேய், 'யுவர்' அனாலி ரா, 'யுவர்'னு சொல்லணும்!" என்று வாய்விட்டுச் சிரித்தவன், என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான். "காது ரா, இல்லடா. அதுனால இருக்காது. ஒரு வார்த்தைக்கா வேணாம்னுவாங்க?"

அதனால்தானா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. தெரிந்துகொள்ள வழியும் இல்லை. எங்கள் ஊரில் அந்நியரையும் சேர்த்துக்கொள்ளும் சொல், அந்த ஜன்னலில் குடியேற வந்தவன் சொல்லாகக் கேட்டிருக்கலாம். இங்கிலீஷ் 'அவர்' ஒன்றுதான், அதை வைத்து நான் உங்களைச் சேர்க்கிறேனா, உங்கள் வீட்டுக்குள் நுழைகிறேனா என்று பிரித்துச் சொல்ல முடியாது. தமிழில் அதே எழுத்துகளை எழுதினால், தள்ளி நிற்கும் வேறு யாரோ ஒருவர்.

வீட்டில் இதைப் புரியவைக்க என்னால் முடியவில்லை. தமிழில் சொன்னால் அது தப்பாகவே தெரியவில்லை.

"நம்மன்னு சொன்னதுக்கா?" என்றார் நைனா. "மரியாதையாத்தானேடா சொல்லிக்கீற. அதுல இன்னா தப்பு?"

"அவங்களுக்கு அது வேற மாதிரி கேட்டிருக்கும் நைனா."

"இன்னா மனுசங்கடா அவுங்க."

அம்மா வேறு முடிவுக்கு வந்திருந்தாள். "அந்தப் பொம்பள ஆபீசர் இன்னா பண்ணும்? மேல இருக்கிற ஆம்பள சொல்லியிருப்பான்." தெருவில் ஆளுக்கு ஒரு காரணம். புது அதிபர் என்றார்கள், மார்க் என்றார்கள், என் நெற்றியில் விபூதி இருந்ததா என்று ஒருவர் கேட்டார். ஃபேக்டரியில் கேட்டவர்களுக்கெல்லாம் நைனா, "கூப்டுவாங்க, இப்போ ஆளு மாறிக்கினு இருக்கில்ல" என்று சொல்லிவைத்தார். அந்தம்மா ஜெயிக்க வேண்டும் என்றிருந்தவர், அதன்பின் அந்த ஆளின் முகம் டிவியில் வந்தால் சத்தத்தைக் கூட்டினார். மனசு மாறுகிறாரா என்று பார்க்கிறாராம்.

அடுத்த சேர்க்கைக்கு இடத்தைத் தள்ளிவைத்துக்கொண்டு, ஜனவரிக்குப் பிறகு இன்னொரு தடவை போனேன். இந்த முறை வேறு அதிகாரி, எலெக்‌ஷன் பேச்சே இல்லை. 'யுவர் கன்ட்ரி' என்று பயிற்சி செய்துகொண்டு போயிருந்தேன். அந்த வார்த்தைக்கு வேலையே வரவில்லை. முன்பு ஏன் மறுத்தார்கள் என்று கேட்டார். தெரியாது என்றேன். அதே தாள். மறுபடியும் இடத்தைத் தள்ளிவைக்க முடியாது என்று யுனிவர்சிட்டி மெயில் அனுப்பியது.

இப்போது ஸ்ரீசிட்டி தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் குவாலிட்டி பிரிவில் இருக்கிறேன். திருப்பதியில் ஏறினால் வரதய்யபாளையம் வழியாக ஷிஃப்ட் பஸ் போகும். நண்பன் அமெரிக்காவில் இருந்து எப்போதாவது பேசுவான். வேலை கிடைக்கவில்லை, வெளியே போகவே பயமாக இருக்கிறது, நீ தப்பித்தாய் என்பான். இங்கே என்ன இருக்கிறது, நீதான் தப்பித்தாய் என்பேன். அவன் சொல்வதை நான் நம்புவதில்லை, நான் சொல்வதை அவன் நம்புவதில்லை. இப்போதெல்லாம் மனவாடு, நம்மாளு என்ற பேச்சை இரண்டு பேருமே எடுப்பதில்லை.

போன வாரம் லீவுக்கு சித்தூர் போனபோது நைனா டிவி முன்னால் உட்கார்ந்திருந்தார். டிரம் லோடு குறைந்து, பாதி நாள் அவருக்கு வேலை இல்லை. செய்தியில் அந்த ஆள் ஏதோ ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போட்டுத் தூக்கிக் காட்டிக்கொண்டிருந்தார்.

"ஏன்டா, அங்க மறுபடியும் எலெக்‌ஷன் எப்ப?"

சொன்னேன். எத்தனை வருஷம் என்று அவர் விரல் மடக்கி எண்ணவில்லை, டிவியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அதுக்குள்ள உனக்குக் கல்யாணம் ஆயிருக்கும்" என்று சொல்லி, ரிமோட்டை எடுத்து சேனலை மாற்றினார்.