செங்கொடியின் வகிடு

செங்கொடியின் இரண்டு கைகளும் தலையில் இருக்கின்றன. இடது கை சீப்பின் வால்நுனியால் வகிட்டைப் பிரித்துப் பிடிக்க, வலது கைச் சுண்டுவிரல் கண்மை டப்பாவைத் தொட்டுத் தொட்டு அந்த வகிட்டின் மேல் இழுக்கிறது. இடம், திருவொற்றியூர் தேரடியில் ஷேர் ஆட்டோக்கள் நிற்கும் வரிசை. ஆட்டோவின் பக்கக் கண்ணாடியில் முகம் பார்ப்பவர்கள் நிறைய உண்டு. உச்சந்தலையைப் பார்ப்பதற்காகக் குனிந்து, கண்ணை மட்டும் மேலே உருட்டிக்கொண்டு நிற்பவள் அந்த வரிசையில் இவள் ஒருத்திதான்.

ஷேர் ஆட்டோ ஓட்டுகிறாள். வயது முப்பதைத் தாண்டிவிட்டது. துறைமுகத்தில் சங்க வேலை பார்த்த அப்பா வைத்த பெயர். பெயருக்கேற்ற குரலும் அமைந்துவிட்டது. "டோல்கேட்டு, காசிமேடு, கல்மண்டபம்" என்று அவள் ஒரே மூச்சில் கூப்பிட்டால் எதிர்ச்சாரியில் போகிறவர்கள்கூடத் திரும்பிப் பார்ப்பார்கள். சுடிதாருக்கு மேல் காக்கிச் சட்டை, சட்டைப் பையில் சில்லறை, காதில் சின்னக் கம்மல். கன்டெய்னர் லாரி குறுக்கே வந்தால் முதலில் திட்டுவாள், அப்புறம்தான் ஹாரன் அடிப்பாள். மற்றவர்களுக்கு இந்த வரிசை நேர்மாறு.

ஷேர் ஆட்டோவில் ஒரு சங்கடம் உண்டு. ஓட்டுகிறவரின் முகம் யாருக்கும் தெரியாது. ஏறுகிறவர்கள் இறங்கும்வரை பார்த்துக்கொண்டு வருவது அவருடைய பின்மண்டையைத்தான். லாரிகள் வரிசை கட்டி நிற்கும் எண்ணூர் நெடுஞ்சாலையில் பார்க்க வேறு என்ன இருக்கிறது? ஆகவே செங்கொடியின் தலையில் முடி குறைவதை, அவளுக்கு முன்பே ஊர் கண்டுபிடித்துவிட்டது. கண்டுபிடித்ததோடு நிற்கவில்லை. டோல்கேட்டில் ஏறிய ஒருத்தி சின்ன வெங்காயச் சாறு என்றாள். தண்டையார்பேட்டையில் ஏறியவள் வெங்காயத்தை வெட்டிவிட்டுக் கரிசலாங்கண்ணியை ஏற்றினாள். கம்பெனி வாட்ச்மேன் ஒருவர், தம் தலையில் ஒரு முடியும் இல்லாத நிலையில், ஒரு எண்ணெய் பெயரைச் சொல்லி, "நான் அதான் தேய்க்கிறேன்" என்றார்.

எல்லாருக்கும் அவளிடம் ஒரே பதில். "தண்ணி சரியில்லக்கா. ஒரே உப்பு."

அந்தப் பக்கத்தில் இது மறுப்பில்லாத பதில். குழாய் துருப்பிடித்தாலும் பல் கறுத்தாலும் பருப்பு வேகாவிட்டாலும் தண்ணீர்தான் காரணம். சொல்லிச் சொல்லி அவளே பாதி நம்பிவிட்டாள். தலைக்கு ஊற்றத் தனியாகக் கேன் தண்ணீர் வாங்க ஆரம்பித்தாள். வீட்டில் குடிப்பது லாரித் தண்ணீர், அவள் தலைக்கு மட்டும் கேன் தண்ணீர். பிள்ளைகள் இரண்டும் இதைப் பார்த்துச் சிரித்தன. கேன் மாறியது. முடி கொட்டுவது மாறவில்லை.

மீதிப் பாதி மனத்துக்கு உண்மை தெரியும். அவள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை கருத்தடை ஊசி போட்டுக்கொள்கிறாள். அதற்கு முன்னால் மாத்திரை சாப்பிட்டுப் பார்த்தாள். வாந்தி ஒருபக்கம், மறதி ஒருபக்கம். மாத்திரை அட்டை ஆட்டோவின் முன்பெட்டியில் ஸ்பானரோடு கிடந்து பொடியாகிவிட்டது. ஊசி என்றால் மறக்கிற வேலை இல்லை. முதலில் வாரக்கணக்கில் சொட்டுச் சொட்டாக உதிரம் பட்டது. பிறகு மாதவிலக்கே நின்றுபோனது. காக்கிச் சட்டையின் வயிற்றுப் பொத்தான் சண்டைக்கு நின்றது. காரணமில்லாமல் எரிச்சல் வந்தது. ஆனால் இவள் எரிச்சல்பட்டதை யாரும் புதிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அந்த ஒரு விளைவை மட்டும் எந்த டாக்டராலும் இவளிடம் கண்டுபிடித்திருக்க முடியாது.

பின்னே ஏன் வாயைத் திறக்கவில்லை? ஊசியால் என்று சொன்னால் நிறுத்து என்பார்கள். நிறுத்தினால் மூன்றாவது வந்து நிற்கும். இரண்டாவது பிள்ளைக்கு வயிறு தள்ளியபோது ஆட்டோவை வேறொருவனிடம் ஓட்டக் கொடுத்தாள். அவன் அதை ஒடுக்கி நெளித்துத் திருப்பிக் கொடுத்தான். கைக்குழந்தையை விட்டுவிட்டு மறுபடி வந்தபோது வரிசையில் அவளுடைய இடம் போயிருந்தது. "பொம்பள, இன்னொரு வாட்டி பூடுவ, இன்னாத்துக்கு இடம்?" என்று கேட்டார்கள். அந்த இடத்தைச் சண்டை போட்டுப் பிடித்தவள் அவள். மறுபடி ஒருமுறை விட்டால் அது கிடைக்காது. முடியா, ஆட்டோவா என்றால் அவளுக்கு ஆட்டோதான். முடிக்குக் கண்மை இருக்கிறது.

கண்மைக்கும் ஒரு விளைவு உண்டு என்பது அந்தச் சித்திரை வெயிலில் தெரிந்தது. காசிமேட்டுக்கு முன்னால் லாரிகள் அசையாமல் நின்றன. ஆட்டோவுக்குள் அடுப்புமேல் உட்கார்ந்த மாதிரி இருந்தது. செங்கொடிக்குப் பின்னால் மீன்கூடையை மடியில் இடுக்கியபடி குப்பம்மா உட்கார்ந்திருந்தாள். தினம் வருகிறவள். நாற்பது வருஷமாக மீன் விற்கிற குரல்.

"ஏம்மே, வண்டியில ஆயில் லீக்கு ஆவுது பாரு."

"வண்டில லீக்கு இல்லக்கா. நேத்துதான் மெக்கானிக்காண்ட காட்னேன்."

"வண்டில இல்லம்மே. உன் மண்டைல!"

வகிட்டிலிருந்து கிளம்பிய கறுப்புக் கோடு காது பக்கமாக இறங்கி, கழுத்தைத் தாண்டி, காக்கிக் காலரில் தேங்கியிருந்தது. குப்பம்மா முந்தானையால் துடைத்தாள். துடைக்கத் துடைக்க மண்டைத்தோல் வெளுப்பாகத் தெரிந்தது.

"இன்னாம்மே இது, கலீஜா மையப் பூசிகினு கீற? தண்ணின்னு இனிமே சொன்ன, கொன்னுடுவேன். அதே தண்ணிதான் நானும் ஊத்திக்கிறேன். நெஜத்த சொல்லு."

வெயில், லாரி, காலரில் வழியும் மை. செங்கொடிக்குப் பொறுமை அற்றுப்போனது. "ஊசிக்கா! புள்ள வோணாம்னு போட்டுக்கிற ஊசி! போதுமா?" என்று கத்தினாள். டோல்கேட்டு, காசிமேடு என்று கூப்பிடும் அதே குரல்.

ஓரத்தில் இருந்த கல்லூரிப் பையன் கடலை ஆர்வத்தோடு பார்த்தான். அந்த இடத்தில் கடல் தெரியாது. இன்னொரு பெண் மெதுவாக ஆரம்பித்தாள். "எனுக்கும் அந்த மாத்திரைல மூஞ்சி பூரா மங்கு வந்துச்சு. வெயிலுன்னு சொல்லிகினு இருந்தேன்." அவளுக்குப் பக்கத்தில் இருந்தவள், "எனுக்குத் தலவலி, கம்ப்யூட்டர் பாத்து வந்துச்சின்னு சொன்னேன்" என்றாள். கல்லூரிப் பையன் தன் நிறுத்தத்துக்கு முன்பாகவே இறங்கி நடந்தான்.

குப்பம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டுக் கூடையை இறுக்கிக்கொண்டாள். "அல்லாத்தையும் நீயே போட்டுக்கோ, நீயே மேல ஏத்திக்கோ. உன் புருசன் இன்னாத்துக்கும்மே கீறான்?"

அவள் இறங்கிய பிறகும் அந்தக் கேள்வி ஆட்டோவிலேயே உட்கார்ந்திருந்தது.

மதியம் ஆட்டோவை ஓரங்கட்டிவிட்டு, ஊசி போடும் சுகாதார மையத்துக்குப் போனாள். நர்ஸ் ஜானட் வகிட்டை விரலால் பிரித்துப் பார்த்து, விரலில் ஒட்டிய மையையும் பார்த்தாள்.

"இத்தன நாள் ஏன்மா கேக்கல?"

"கேட்டா நிறுத்திருவீங்க சிஸ்டர்."

"கேக்காம எப்படி மாத்திக் குடுக்கறது? கொட்டறது ஊசியாலயும் இருக்கும். ரத்தம் கம்மியா இருந்தாலும் கொட்டும், தைராய்டு இருந்தாலும் கொட்டும். ரத்தம் குடுத்துட்டுப் போ, பாத்துரலாம். ஊசியாலதான்னா, விட்டப்புறம் மெதுவா வளரும். மாசக்கணக்கு ஆகும், அவசரப்படக் கூடாது. ஆனா சும்மா நிறுத்திட்டு உக்காந்துடாத. காப்பர்-டி இருக்கு, அதுல ஹார்மோன் இல்ல. உன் வீட்டுக்காரருக்கும் கருத்தடை ஆபரேஷன் ஒண்ணு இருக்கு. சின்ன வேலைதான். இடுப்புக்குக் கீழ மரத்துப்போற ஊசி போட்டுச் செய்வாங்க, அன்னைக்கே வீட்டுக்கு வந்துரலாம். ஒரு வாரம் பாரம் தூக்கக் கூடாது. டெஸ்ட்டுல சரின்னு வர வரைக்கும் மூணு மாசம் ஆணுறை போட்டுக்கணும். நாளைக்கு டாக்டர் வராங்க. கூட்டிட்டு வா, அவங்க சொல்லட்டும். அப்புறம் நீங்க முடிவு பண்ணுங்க."

வீட்டுக்காரர் பெயர் வல்லரசு. துறைமுகத்தில் கன்டெய்னர்களைக் கப்பலோடு சேர்த்துக் கட்டுகிற வேலை. ஐந்து அடுக்குக் கன்டெய்னருக்கு மேல், காற்றில், கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பான். பயம் என்பது அவனுக்கு ஊசி மட்டும்தான். கொரோனா ஊசி போட்டபோது, ஊசி கையில் படுவதற்கு முன்பே சாய்ந்தவன். அதை வெறும்வயிறு என்று இன்றுவரை சொல்லிவருகிறான்.

சாயங்காலம் அவன் டீயோடு உட்கார்ந்திருக்கையில் செங்கொடி பேச்சை எடுத்தாள்.

"யோவ், ஆம்பளைக்கும் ஒண்ணு கீதாம். ஊசி போட்டு..."

"அய்ய, அதெல்லாம் நமக்கு வோணாம்மே. ஒடம்புல பலம் பூடும். நம்ம வேல அப்டி."

"முழுசா கேளுய்யா."

"இன்னாத்த கேக்கறது? ஊசின்னுட்ட இல்ல?"

அவள் மேலே வாதாடவில்லை. அவனுக்கு முன்னால் தரையில் உட்கார்ந்து, பின்னலை அவிழ்த்து, டியூப்லைட்டுக்குக் கீழே தலையைக் குனிந்து காட்டினாள். வல்லரசு டீயை வாயருகில் பிடித்தபடியே பார்த்தான்.

"நல்லாத்தான கீது" என்றான்.

"வாட்ச்மேனுக்குத் தெரியுது. மீன்காரக்காவுக்குத் தெரியுது. ரோட்ல போற அத்தினி பேருக்கும் தெரியுது. உனுக்கு மட்டும் நல்லா கீதா?"

அவன் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, ஒரு விரலால் வகிட்டைத் தொட்டான். முன்னும் பின்னுமாக ஒருமுறை தடவிப் பார்த்தான். "வலிக்குதா?" என்று கேட்டான். முடி கொட்டினால் வலிக்காது என்பதுகூட அவனுக்குத் தெரியவில்லை. "இல்ல. நாளைக்கு சென்டருக்கு டாக்டர் வராங்களாம்" என்று சொல்லிவிட்டு அவள் சோறு வடிக்க எழுந்து போனாள்.

மறுநாள் காலை அவள் ஆட்டோவை எடுக்க வந்தபோது, பின்சீட்டில் வல்லரசு உட்கார்ந்திருந்தான். குளித்து, திருநீறு பூசி, கல்யாணத்துக்குப் போகிற முழுக்கைச் சட்டை போட்டிருந்தான். எங்கே என்று அவள் கேட்கவில்லை. தேரடியில் கை காட்டியவர்களை ஏற்றாமல், வழியில் யாரையும் திட்டாமல் ஓட்டினாள்.

சுகாதார மையத்தில் டாக்டர் இன்னும் வரவில்லை. பெஞ்சில் பெண்கள் நெருக்கியடித்து இடம்விட்டார்கள். வல்லரசு உட்கார்ந்தான். உட்கார்ந்ததும் முழுக்கைச் சட்டையைத் தோள்வரை சுருட்டினான். கண்களை இறுக மூடிக்கொண்டு, முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி, கையை முன்னால் நீட்டியபடி வைத்துக்கொண்டான். மருந்துத் தட்டோடு வந்த ஜானட் அந்தக் கையைப் பார்த்தாள், செங்கொடியைப் பார்த்தாள், உதட்டைக் கடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

செங்கொடி அவன் சட்டைக்கையை மெல்ல இறக்கி, மணிக்கட்டில் பொத்தானைப் போட்டுவிட்டாள். பிறகு எழுந்து, அவனுக்கும் வாசலுக்கும் நடுவில் வந்து உட்கார்ந்துகொண்டாள்.