விரல் இருக்கும்வரை காப்பீடு இல்லை

என் கணவரின் உள்ளங்காலிலிருந்து ஒரு குண்டூசியைப் பிடுங்கினேன். வலது பெருவிரலுக்கு நேர் கீழே, காய்த்துப் போன தோலுக்குள் முழுதாக இறங்கி, தலை மட்டும் மினுங்கிக்கொண்டு இருந்தது. அவர் கட்டிலில் காலை நீட்டி, கைபேசியில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தார். பிடுங்கியது அவருக்குத் தெரியவில்லை. ஊசியைக் கண்ணுக்கு நேரே நீட்டிய பிறகுதான் திரும்பினார்; திரும்பியவர் சிரித்தார்.

"இது முந்தாநாத்து ஊசியா இருக்கும்ளா. அன்னைக்குத்தான் பட்டுக்கட்டு பிரிச்சோம்."

இரண்டு நாட்கள் ஓர் ஊசியின் மேல் நின்று சேலை விற்றிருக்கிறார். மாடிப்படி ஏறி இறங்கியிருக்கிறார். பேருந்தில் நின்று வந்திருக்கிறார். அந்தச் சிரிப்பின் மேல்தான் எனக்கு முதல் கோபம் வந்தது. பிறகு அது வேறு வேறு ஆட்கள் மேல் போய் உட்கார்ந்தது. இன்னும் வீடு திரும்பவில்லை.

டவுனில் ஒரு ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவு அவருக்கு. அங்கே விற்கிறவர்கள் தரையில் நிற்பதில்லை; வெள்ளைத்துணி விரித்த மெத்தைமேல் நிற்கிறார்கள். செருப்போடு ஏறக்கூடாது. சேலை என்பது லட்சுமி. காலையில் வெறுங்காலோடு ஏறினால், சாப்பாட்டு நேரம் போக, கடை அடைக்கும்வரை அங்கேயேதான். மடிப்பிலிருந்து உருவும் ஊசிகள் மெத்தையில் சிதறிக் கிடக்கும். குத்தினால் காலை உதறிவிட்டு அடுத்த சேலையை விரிப்பார்கள். குத்துவது தெரிகிறவரைக்கும் அது ஒன்றும் பெரிய விஷயமில்லை. சர்க்கரை வந்து சில வருடங்களில் அவருக்குத் தெரிவது நின்றுபோயிருக்கிறது. அது நின்ற நாளை நாங்கள் இருவருமே கவனிக்கவில்லை.

விற்கிறவர்கள் உட்கார இருக்கை வைக்கவேண்டும் என்று சட்டம் வந்தது. கடையிலும் வைத்தார்கள். பிரித்த சேலைகளை அடுக்கி வைக்க அது வசதியாக இருந்தது.

எனக்கோ ஓரிடத்தில் நிற்க வராது. பேசும்போதும் நடப்பேன், பால் பொங்கக் காத்திருக்கும்போதும் நடப்பேன். நிற்கத் தெரிந்த அந்த மனிதர் நின்று நின்றே எங்கள் வீட்டை நடத்தினார்.

ஊசி போன ஓட்டையில் மஞ்சளை அப்பினேன். மேலே மூடியது. உள்ளே மூடவில்லை. பத்து நாளில் விரல் வீங்கி, நைலான் காலுறை போட்டது போலப் பாதம் பளபளத்தது. பாளையங்கோட்டையில் பாதத்துக்கென்றே இருக்கும் ஒரு சிகிச்சை நிலையத்துக்குப் போனோம். அங்கிருந்த டாக்டரம்மா அவர் காலைத் தூக்கித் தன் மடியில் விரித்த துணிமேல் வைத்துக்கொண்டார். இத்தனை வருடத்தில் அந்தக் காலை அப்படி ஒருவர் கையில் ஏந்தி நான் பார்த்ததில்லை, நானும் ஏந்தியதில்லை. காய்ப்பைச் சிறு கத்தியால் சீவச் சீவ, தேங்காய்ச் சில்லுபோல வெள்ளையாக உதிர்ந்தது. அடியில் ஒரு குளம் இருந்தது.

"ஆஸ்பத்திரியில படுக்க வேண்டாம்மா. வாரத்துக்கு மூணு நாள் வந்து கட்டு மாத்திக்கிடட்டும். நிக்கக்கூடாது, வெறுங்காலா நடக்கக்கூடாது, வீட்டுக்குள்ளயும் செருப்பு. மூணு மாசம் ஒழுங்கா வந்தா இந்த விரல் அவங்ககிட்டயே இருக்கும்."

வீட்டுக்குள் செருப்பு. அளவெடுத்துச் செய்த மெத்தென்ற ரப்பர் செருப்பு அது. நான் வளர்ந்த வீட்டில் செருப்பு வாசலைத் தாண்டியதில்லை. கூடத்துக்கும் குளியலறைக்கும் அனுமதி கொடுத்தேன். அடுப்பங்கரைக்கும் சாமி அறைக்கும் கொடுக்கவில்லை. அந்த இரண்டு வாசலிலும் அவர் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, புண்ணைத் தரையில் ஊன்றி, தண்ணீர் மொண்டு குடித்துவிட்டோ சாமி கும்பிட்டுவிட்டோ வருவார். ஒரு வாரம் இதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். சாமிக்கு என்ன தோன்றியிருக்கும் என்று இப்போது நினைக்கிறேன்.

செலவுக்கு நான் பயப்படவில்லை. மருத்துவக் காப்பீடு ஒன்றை எங்கள் இருவர் பேரிலும் நான்தான் எடுத்திருந்தேன், தனியார் நிறுவனத்தில். வருடம் தவறாமல் கட்டிவந்தேன். அதைச் சொல்லி அவர் என்னைக் கிண்டல் பண்ணாத வருடமில்லை. நான் செத்தால் உனக்கு வரும், இருந்தால் அவனுக்குப் போகும் என்பார். அது வேறு இன்சூரன்ஸ், இது உயிரோடு இருக்கிறவர்களுக்கு என்று ஒவ்வொரு வருடமும் விளக்குவேன். அப்படித்தான் நானும் நம்பியிருந்தேன்.

அந்த நிறுவனத்தின் அலுவலகம் வண்ணார்பேட்டையில் இரண்டாவது மாடி. கண்ணாடிக் கதவில் 'காலணிகளை வெளியே விடவும்' என்று ஒட்டியிருந்தது. அவர் குனிந்து வாரை அவிழ்க்கப் போனார். கழற்றாதீர்கள் என்று கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போனேன். மேசைக்குப் பின்னால் இருந்த அதிகாரி முப்பது வயதுக்காரர்; நல்ல மாதிரிதான். முதலில் செருப்பைப் பார்த்தார், அப்புறம் கட்டைப் பார்த்தார், உட்காரச் சொன்னார்.

டாக்டர் எழுதிய தாள்களைப் புரட்டிவிட்டு, எத்தனை நாள் படுத்திருந்தார் என்று கேட்டார். படுக்கவில்லை, நடந்து போய் நடந்து வருகிறார் என்றேன். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. அவர் பேனாவை மூடி வைத்தார். இந்த பாலிசியில் ஒரு நாளாவது படுக்கையில் இருந்தால்தான் உண்டு, வந்து போகிற வைத்தியத்துக்குக் கிடையாது என்றார். அதோடு, கிடையாதவற்றின் பட்டியலைத் திருப்பி ஒரு வரியில் விரலை வைத்தார். பொடியாட்ரி என்று இருந்தது. அவருக்கே அதை வாசிக்க இரண்டு தடவை ஆயிற்று. காய்ப்புச் சீவுவது, நகம் வெட்டுவது, பாதத்துக்கான செருப்பு, எல்லாம் அந்த ஒரு சொல்லுக்குள் அடைந்திருந்தன.

"அப்பொ காலுக்கு வைத்தியமே கிடையாதுன்னு சொல்லுதியளா தம்பி?"

"இருக்கேக்கா. ஆபரேசன்னா உண்டு."

"என்ன ஆபரேசன்?"

அவர் குரலைக் கொஞ்சம் தணித்துக்கொண்டார். "விரல் எடுக்கது, பாதம் எடுக்கது, முட்டுக்குக் கீழ எடுக்கது. எல்லாத்துக்கும் உண்டுக்கா."

"எடுத்தா உண்டு. எடுக்காம காப்பாத்துததுக்கு?"

"அதுக்கு இல்லக்கா."

என் கணவர் நாற்காலியில் முன்னால் நகர்ந்தார். சேலை விரிக்கும்போது வருகிற குரல் அவருக்கு வந்துவிட்டது.

"எங்க கடையிலயும் இதே கணக்குதான் தம்பி. நல்ல சேலைக்குத் தள்ளுபடி கேட்டா கிடையாதும்போம். ஓட்டை விழுந்து வரட்டும், பாதி விலைக்குத் தாரோம்."

அதிகாரி சிரித்தார். இவரும் சிரித்தார். ஆண்கள் இருவரும் அந்த ஓட்டையின் மேல் நின்று சிரித்துக்கொண்டிருந்தார்கள். நான் எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றேன். கீழே மேம்பாலத்தில் வண்டிகள் போய்க்கொண்டிருந்தன. அவற்றில் ஒன்றைத் தூக்கி எறிய முடியும் என்று தோன்றியது.

கிளம்பும்போது அதிகாரி எங்கள் நல்லதுக்காக ஒரு வழி சொன்னார். டாக்டரிடம் சொல்லி ஒரு நாள் படுத்ததாக எழுதி வாங்கச் சொன்னார். நான் போய்க் கேட்டேன். இது படுக்கவைக்கிற புண் இல்லை, நாளைக்கு உண்மையாகவே படுக்க நேர்ந்தால் என் எழுத்தை யார் நம்புவார்கள் என்று டாக்டரம்மா மறுத்துவிட்டார். அன்றைக்கு அவர் மேலேயும் கோபப்பட்டேன். இப்போது அந்தக் கோபத்தை மட்டும் திரும்ப எடுத்துக்கொண்டேன்.

அன்று வண்ணார்பேட்டையிலிருந்து திரும்பி வரும் பேருந்தில் இவர், ஆற்றுப்பாலம் தாண்டும்போது, பைய ஆறிரும்ளா என்றார். அவ்வளவுதான். அந்த நேரத்தில் ஒரு முடிவு எடுத்திருக்கிறார் என்பது எனக்குத் தெரியவில்லை.

ஆடித் தள்ளுபடி தொடங்கியது. அந்த மாதத்தில் கடையில் விடுப்புக் கேட்டால் முகம் கொடுக்கமாட்டார்கள். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் தானே போய்க் கட்டு மாற்றிக்கொள்வதாகச் சொன்னார். ஒவ்வொரு நாளும் புதுக்கட்டோடுதான் வீட்டுக்கு வந்தார். நான் நம்பினேன். மூன்றாவது வாரம் சிகிச்சை நிலையத்திலிருந்து என்னைப் போனில் கூப்பிட்டார்கள். ஆறேழு தடவையாக வரவில்லையே, ஊருக்குப் போய்விட்டாரா என்று கேட்டார்கள்.

கடைக்குப் போனேன். கூட்டம் நெரித்தது. சேலைப் பிரிவில் மெத்தையின் நடுவே நின்று, தோளில் ஒரு முந்தானையைப் போட்டு, யாரோ ஒரு மணப்பெண்ணின் அம்மாவுக்கு நிறம் காட்டிக்கொண்டிருந்தார். வெறுங்கால். வலது காலின் கட்டு பெருவிரல் பக்கம் பழுப்பாக நனைந்திருந்தது. நான் என் செருப்போடு அந்த வெள்ளைத்துணியில் ஏறினேன். விரித்துக் கிடந்த சேலைகளுக்கு நடுவே, ஒவ்வொரு அடியும் தடம் பதிய.

"ஏளா, செருப்பு. இறங்கு."

"காலைக் காட்டுங்க."

"யாவாரத்துல நிக்கேன். வீட்டுல போய்ப் பேசுவோம்."

"காலைக் காட்டுங்கன்னு சொல்லுதேன்."

அவர் காட்டவில்லை. நானே உட்கார்ந்து கட்டை அவிழ்த்தேன். மருந்துக்கடையில் துணி வாங்கி, சரக்கு வைக்கும் கிட்டங்கியின் பின்பக்கம் ஒற்றைக் காலில் நின்று அவரே சுற்றிய கட்டு. முடிச்சு மட்டும் அழகாக இருந்தது, புதுச்சேலைக்கட்டுக்குப் போடுகிற முடிச்சு. விரலின் நுனி கறுத்திருந்தது. அந்த அம்மா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டார். எதற்கு மறைத்தீர்கள் என்று கேட்டேன். காப்பீட்டில் வராது என்று அன்றைக்கே தெரிந்துவிட்டதே, ஒரு ஊசிக்குத்துக்கு எத்தனை தடவைதான் பணத்துக்கு உன் கையைப் பார்ப்பது என்றார். அவர் என்னிடம் வேறு எதற்கும் பொய் சொன்னதில்லை.

அடுத்த நாள் காலை ஆஸ்பத்திரியில் படுக்கவைத்தார்கள். விரலை எடுக்கவேண்டும் என்றார்கள். காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுதி அனுப்பினார்கள். மத்தியானம் அனுமதி வந்துவிட்டது. அந்த அதிகாரியே என்னைப் போனில் கூப்பிட்டார்.

"அக்கா, அப்ரூவல் வந்துட்டு. ஒரு கேள்வி கேக்கல பாத்தியளா. நீங்க ஒண்ணுக்கும் கவலைப்படாதிங்க."

உண்மையான சந்தோஷம் அந்தக் குரலில் இருந்தது. எனக்காகச் சந்தோஷப்படுகிறார். கத்துவதற்கு வாய் திறந்தேன். "நன்றி தம்பி" என்று வந்தது. இத்தனை கோபத்திலும் மன்னிக்க முடியாதது அந்த இரண்டு சொற்களைத்தான்.

விரல் போனது. கடையில் இரக்கப்பட்டு, பார்சல் கட்டும் இடத்தில் உட்கார்ந்து செய்யும் வேலை கொடுத்தார்கள். நாற்காலியைச் சம்பாதிக்க அவர் அவ்வளவு கொடுக்கவேண்டியிருந்தது.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு மறுபடி கட்டு மாற்ற அதே டாக்டரம்மாவிடம் போனோம். அதே நாற்காலி, அதே கத்தி, அதே பஞ்சு. இந்தமுறை செலவு முழுதும் காப்பீட்டில். அறுவைக்குப் பின்னால் இத்தனை நாள் வரைக்கும் வைத்தியம் உண்டாம். ஆடி மாதத்தில் இல்லாதது ஆவணியில் உண்டு. நடுவில் ஒரு விரலைக் கொடுத்துவிட்டோம், வேறு வித்தியாசமில்லை.

போன வாரம் டாக்டரம்மா வலது காலைக் கட்டி முடித்துவிட்டு இடது செருப்பையும் கழற்றச் சொன்னார். வலதில் பாரம் வைக்கப் பயந்து இவர் இடதை ஊன்றியே நடந்திருக்கிறார். அங்கேயும் பெருவிரலுக்குக் கீழே காய்த்து, காய்ப்பின் நடுவில் ரத்தம் கட்டியதுபோல ஒரு கருப்பு. இன்றைக்கே சீவிவிடலாம், விட்டால் அதே கதை என்றார்.

வெளியே பணம் கட்டுமிடத்தில் இருந்த பெண் இரண்டு பில் போட்டிருந்தாள். வலதுகால் இன்சூரன்ஸில் போகிறது, இடதுகால் நீங்கள் கட்டவேண்டும் என்றாள். ஒரே ஆள், ஒரே நாற்காலி, அரை மணி நேரம்.

"இடதை அடுத்த மாசம் பாத்துக்கிடலாம்ளா" என்றார் என் கணவர். சிரிக்கவில்லை இந்தத் தடவை.

"இன்னைக்கே. இப்பமே" என்றேன்.

கட்டினேன். சீவினார்கள். அந்தப் பில்லை மடித்து வைக்கவில்லை. காப்பீட்டு விண்ணப்பத் தாளோடு சேர்த்துக் கிளிப் போட்டேன். எதற்கான சிகிச்சை என்ற இடத்தில், இடது கால், ஐந்து விரலும் இருக்கின்றன, அப்படியே இருப்பதற்காக என்று எழுதினேன். வண்ணார்பேட்டை அலுவலகத்தில் கொண்டுபோய்க் கொடுத்தேன். அதிகாரி படித்துவிட்டு, இது திரும்பித்தான் வரும் அக்கா என்றார். வரட்டும் என்றேன். மாதத்துக்கு இரண்டு தடவை இந்தக் காலைச் சீவவேண்டும். மாதத்துக்கு இரண்டு தடவை நான் கொண்டுவந்து கொடுப்பேன். ஒவ்வொரு தடவையும் அவர்கள் முடியாது என்று எழுதி, கையெழுத்துப் போட்டு அனுப்பட்டும். வாயால் சொன்னது போதும்.

அவர் வாங்கி முத்திரை குத்தினார். நான் செருப்போடுதான் நின்றிருந்தேன்.