களஞ்சியத்தை உடைத்தது யார்

கல்லூரியில் வரலாறு நடத்தியே தலை நரைத்தவள் அவள். பழைய பஞ்சத்தைப் பற்றி அவள் பேசினால் கடைசி பெஞ்சுகூட வாயை மூடிக்கொண்டு கேட்கும். அரசாங்கம் பூட்டிவைத்த களஞ்சியத்தைப் பசித்த பெண்கள் கடப்பாரையால் உடைத்த கட்டம் வந்தால் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு எழுந்து நின்று சொல்வாள்.

'உலகத்துக்கே பாடம்' என்று நிர்வாகம் கிளம்பியபோது, அவளைப் பச்சைத் திரைக்கு முன்னால் நிறுத்திப் பாடம் முழுவதையும் படம் பிடித்தார்கள். அன்று அவளுக்குக் காய்ச்சல். விளக்குச் சூட்டில் தலை சுற்ற, "அரசாங்கம் களஞ்சியத்தைத் திறந்துவிட்டது" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டாள். சொன்னதுமே சுருக்கென்றது.

"தப்பாச் சொல்லிட்டேன் தம்பி. இன்னொரு தடவை எடுக்கலாமா?"

"எடிட்டிங்ல பாத்துக்கலாம் மேடம்," என்றான் கேமராக்காரன்.

எடிட்டிங்கில் யாரும் அதைப் பார்க்கவில்லை. பாடத்தைக் கணினியே பல மொழிகளுக்கு மாற்றியது. குரல் அவளுடையதேதான், உதடும் அந்தந்த மொழிக்கேற்ப அசைந்தது.

"வீட்டுல வாயே திறக்க மாட்டேங்கற, வெளியில இத்தனை பாஷை பேசுறியே!" என்று கணவர் கிண்டலடித்தார்.

திருத்தச் சொல்லி நிர்வாகத்துக்கு நடையாய் நடந்தாள். ஒரு வரிக்காக எல்லா மொழியிலும் கைவைக்க முடியாது என்று கையை விரித்தார்கள். அடுத்த வருடம் வரலாற்றுத் துறையையே மூடினார்கள். பாடம்தான் இருக்கிறதே, ஆள் எதற்கு?

அந்த வருடமே கணவர் வாதம் வந்து படுத்துவிட்டார். வேறு வழியில்லாமல், அதே பாடத்துக்கு வீட்டிலிருந்தே கணினியில் விடை திருத்தும் வேலையில் சேர்ந்தாள். எந்தெந்த நாட்டுப் பிள்ளைகளோ எழுதியது அவள் மொழிக்கு மாறி வரும். பெயர் இருக்காது, எண்தான்.

களஞ்சியம் பற்றிய கேள்விக்கு ஒரு மதியம் வந்த விடை இப்படி இருந்தது: 'அரசாங்கம் திறந்தது என்று பாடத்தில் வருகிறது. நம்ப முடியாமல் தேடிப் படித்தேன். பசித்த பெண்கள்தான் உடைத்தார்கள்.'

முழு மார்க் போட்டாள். விடைக் குறிப்போடு பொருந்தவில்லை என்று திரை சிவந்தது. மறுபடியும் போட்டாள். மேற்பார்வை பார்க்கும் பெண்ணிடமிருந்து போன் வந்தது.

"என்ன மேடம், குறிப்புக்கு மாத்தி மார்க் போடுறீங்க?"

"குறிப்புதாம்மா தப்பு. இந்தப் பிள்ளை எழுதினதுதான் சரி."

"நீங்களே வீடியோவுல அப்படித்தானே சொல்லியிருக்கீங்க? எங்களுக்கு அதுதான் ஆதாரம். இன்னொரு தடவை போட்டா வேலையிலேர்ந்து எடுத்துடுவாங்க மேடம். அப்புறம் என்மேல கோவிச்சுக்காதீங்க."

உள்ளறையிலிருந்து கணவர் குழறலாக, "யாரு போன்ல?" என்றார்.

"ஆபீஸ்தாங்க," என்றாள்.

பூஜ்யம் போட்டாள். சிவப்பு மறைந்து அடுத்த தாள் வந்தது.

அந்தப் பிள்ளை யார், எந்த ஊர் என்று விசாரிக்கக்கூட வழியில்லை. அதற்குப் பிறகு அந்தக் கேள்வி வந்தால் அவள் விடையைப் படிப்பதில்லை. 'திறந்துவிட்டது' என்ற சொல் எங்காவது இருக்கிறதா என்று மட்டும் கண்ணை ஓட்டுவாள். இருந்தால் முழு மார்க்.