தானாக விழுந்த கொம்பு

போன வருடத்து இலைகள் பனிக்காலம் முழுவதும் நனைந்து கிடந்து, காலால் கிளறும்போது எழும்புகிற அந்தப் புளித்த மணம், ஊறவைத்து மறந்துபோன உளுந்தின் மணத்துக்கு மிக அருகில் இருக்கும். லண்டனின் கிழக்கு ஓரத்தில், நிலத்தடி ரயில் நிலத்துக்கு மேலே ஏறி வந்து ஓடுகிற பக்கத்தில் இருக்கிற எப்பிங் காட்டில், எனக்குப் பத்து வயதாக இருந்தபோது, ஞாயிற்றுக்கிழமைகளில் நானும் அப்பாவும் அந்த மணத்துக்குள் தலையைக் குனிந்துகொண்டு நடந்தோம். நாங்கள் தேடியது மான் கொம்பு. ஆண் மான்கள் வருடத்துக்கு ஒரு தடவை தம் கொம்புகளைத் தாமாகவே உதிர்த்துவிடும், பிறகு புதிது முளைக்கும். அப்படி உதிர்ந்த கொம்பு ஒன்று அம்மாவுக்கு வேண்டியிருந்தது.

அம்மாவின் கழுத்தில், இடது காதுக்குக் கீழே, ஒரு கட்டி வந்திருந்தது. ஆரம்பத்தில் புளியங்கொட்டை அளவில் இருந்தபோது "நெறி கட்டியிருக்கு" என்று சொல்லிவிட்டுச் சமையலைப் பார்த்தார். அது வளர்ந்து, சட்டைக் கழுத்துக்கு மேலே தெரியத் தொடங்கிய பிறகும், நோகவில்லை என்பதையே ஒரு நற்செய்தி போலச் சொல்லிக்கொண்டிருந்தார். வன்னியில் அவர் வளர்ந்த வீட்டில், கட்டியோ வீக்கமோ வந்தால் மான் கொம்பைக் கல்லில் தண்ணீர் விட்டு "உரைச்சு" அந்தப் பாலைப் பூசுவார்களாம். அதிலும் ஒரு விதி இருந்தது. "சுட்டு விழுத்தின மானின்ர கொம்பு வேண்டாம். அந்தப் பாவமும் சேர்ந்தெல்லோ என்ர கழுத்தில ஏறும்? தானா விழுந்தது வேணும்" என்றார். அப்பா வற்புறுத்தியபோது ஒரு வாக்கும் கொடுத்தார்: "முதல்ல கொம்பு பூசிப் பாப்பம். அதுக்கும் வத்தாட்டி டொக்டரிட்டை வாறன்."

டொக்டரிடம் போக அம்மாவுக்கு இருந்த பயம் ஊசிக்கோ கத்திக்கோ அல்ல. எங்களுடைய அகதி விண்ணப்பம் ஒரு தடவை நிராகரிக்கப்பட்டு, மேன்முறையீட்டில் கிடந்தது. செவன் கிங்ஸில் வேறு குடும்பங்களோடு பகிர்ந்த வீட்டின் மேல்மாடி அறையில், "கேஸ்" என்ற அந்தச் சொல் எங்களோடு நாலாவது ஆளாகக் குடியிருந்தது. ஆஸ்பத்திரியில் பெயர் கொடுத்தால் அந்தப் பெயர் நேராக, அகதிகளைத் திருப்பி அனுப்புகிற ஹோம் ஒஃபீசுக்குப் போய்விடும் என்று கோயிலில் யாரோ அம்மாவுக்குச் சொல்லியிருந்தார்கள். அதன் பிறகு அவர் கட்டியை மறைத்தார், தும்மலைக்கூட அடக்கினார்.

அப்பா இடம்பெயர்வுகளுக்கிடையில் ஐந்தாம் வகுப்போடு நின்றவர். அம்மா அதுவும் இல்லை, தம்பிமாரை இடுப்பில் வைத்திருந்ததுதான் அவருடைய பள்ளிக்கூடம். எங்கள் குடும்பத்தில் ஒழுங்காகப் படித்த முதல் ஆள் நான். அதைச் சொல்ல எனக்கு அன்றும் கூச்சமில்லை, இன்றும் இல்லை. எனவே தை மாதத்துக் குளிரில் பல ஞாயிறுகள் வெறுங்கையோடு திரும்பிய பிறகு, பள்ளிக்கூட நூலகத்தில் மான்களைப் பற்றிய புத்தகம் ஒன்றை எடுத்து வாசித்தது நான்தான். வெயில் நாட்டில் வளர்ந்த அப்பா, கொம்பு எந்த மாதத்திலும் விழும் என்று நினைத்திருந்தார். இங்குள்ள மான்களோ பனிக்காலம் முழுவதும் கொம்போடு திரிந்துவிட்டு, சித்திரை வைகாசியில்தான் அதை உதிர்க்கும். அதுவரை நாங்கள் தேடியது மான்களின் தலையில் பத்திரமாக இருந்த ஒன்றை.

"பாத்தியே, என்ர பிள்ளை புத்தகத்தில கண்டுபிடிச்சிட்டுது!" என்று அப்பா வீட்டில் எல்லா அறைக் கதவிலும் தட்டிச் சொன்னார். அம்மா மட்டும் மெல்ல மூச்சை விட்டு, "அப்ப சித்திரை வரட்டும்" என்றார். அவருடைய முகத்தில் அப்போது தெரிந்தது நிம்மதி. சித்திரை வரைக்கும் டொக்டரைப் பற்றி யாரும் பேச முடியாது. அந்த நிம்மதியைப் பார்த்தபோதுதான் எனக்கு முதன்முதலாகப் பயம் வந்தது. கட்டிக்குச் சித்திரை என்ன, தை என்ன?

சித்திரை வந்தபோது அம்மா மெலிந்திருந்தார். விடியும்போது அவருடைய தலையணை வியர்வையில் நனைந்திருக்கும். நாங்கள் காட்டில் இன்னும் வேகமாக நடந்தோம். மான்கள் பாய்ந்து தாண்டுகிற பள்ளங்களின் ஓரத்தில், அந்த அதிர்ச்சியில் கொம்பு கழன்று விழலாம் என்று புத்தகம் சொன்னது, ஆகவே பள்ளம் பள்ளமாகப் பார்த்தோம். வெளிறிய கிளை ஒவ்வொன்றும் தூரத்தில் கொம்பாகத் தெரிந்து, கிட்டப் போனதும் கிளையாகியது. நாயோடு உலாவ வந்தவர்கள் காலை வணக்கம் சொன்னால், அப்பா கள்ளன் பிடிபட்டது போல நின்று, தேவைக்கு அதிகமாகச் சிரிப்பார். ஒரு நாள் களைத்துப்போய் மரக்குற்றியில் இருந்தபோது, "மானுக்கு ஒரு மிஸ்கோல் அடிச்சுப் பாப்பமே?" என்றார். "அதுகளுக்கு நெட்வேர்க் இல்லை அப்பா" என்றேன். இருவரும் சிரித்தோம். சிரித்து முடிந்ததும் இருவருமே வீட்டுக்குப் போக எழும்பவில்லை.

வைகாசியில், இல்ஃபேர்டில் நாய், பூனைச் சாமான் விற்கிற ஒரு கடையின் கண்ணாடிக்குப் பின்னால் நான் மான் கொம்பைக் கண்டேன். விரல் நீளத்திலும் முழ நீளத்திலும் துண்டு துண்டாக அறுத்து, கூடையில் குவித்து வைத்திருந்தார்கள். பார்க்கிங் என்ற ஊரில் ஒரு கடையின் பின்பக்கத்தில் பெட்டி இறக்குகிற வேலை முடித்து அப்பா வந்ததும், மாடிப்படியிலேயே மறித்துச் சொன்னேன்.

"நாய்க்கோ?"

"ஓம் அப்பா. சப்புறதுக்கு."

அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "அம்மாவுக்குச் சொல்லிப்போடாதை. நாய்ச் சாமானெண்டாத் தொடவும் மாட்டா" என்றார்.

அடுத்த ஞாயிறு காட்டுக்குள் போய்க் கொஞ்ச நேரத்திலேயே, முன்னால் நடந்த அப்பா விழுந்து கிடந்த ஒரு மரத்துக்குப் பின்னால் குனிந்து, "பிள்ளை! ஓடி வா!" என்று கத்தினார். அவருடைய கையில் கொம்புத் துண்டு ஒன்று இருந்தது. இரண்டு முனையிலும் சேறு அப்பியிருந்தது. அந்தச் சேறு, அங்கே எங்கள் காலடியில் இருந்ததைவிடக் கறுப்பாக இருந்தது. அவர் என்னைப் பார்த்தார், நான் சேற்றைப் பார்த்தேன். "எவ்வளவு பெரிசு அப்பா!" என்றேன். ரயிலில் அதைக் கோட்டுக்குள் வைத்து, கைக்குழந்தையைப் பிடிப்பது போலப் பிடித்துக்கொண்டு வந்தார்.

அம்மா அதை வாங்கியதும் தண்ணீர்க் குழாயின் கீழே பிடித்தார். சேறு போனது. முனைகள் இரண்டும் வழுவழுவென்று நேராக இருந்தன.

"இது விழுந்ததில்லை. வாள் வச்சு அறுத்தது."

"காட்டுக்காரர் அறுத்திருப்பினம்" என்றார் அப்பா.

அம்மா அதை மூக்கடியில் கொண்டுபோனார். "உண்மையைச் சொல்லுங்கோ. எந்த நாயின்ர வாயில இருந்து பறிச்சனீங்கள்?"

எனக்குச் சிரிப்பு வெடித்தது. அம்மாவும் சிரித்தார். அந்தச் சிரிப்பு இருமலாக மாறி, நிற்காமல் போய், அவர் கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு உட்காரும்வரை தொடர்ந்தது. அப்பா அவருக்கு முன்னால் நிலத்தில் இருந்தார்.

"நீ கேட்ட கொம்பு கொண்டு வந்திட்டன். அறுத்ததோ விழுந்ததோ, பூசு. பூசிப்போட்டு நாளைக்கு டொக்டரிட்டை வா."

"பேரைக் குடுத்தாப் பிடிச்சு அனுப்பிப்போடுவாங்கள்."

"அனுப்பட்டும். மூண்டு பேரும் ஒரே பிளேனில போவம். நீ இல்லாம எனக்கு இந்த நாட்டில என்னத்துக்கு விசா?"

அம்மா எழும்பிப் போய்ச் சுவாமிப் படத்தடியில் இருந்த சந்தனக் கல்லை எடுத்துவந்து, நாய்க்காக அறுத்த அந்தக் கொம்பை உரைக்கத் தொடங்கினார். மயிர் கருகினது போன்ற ஒரு நாற்றம் அறையெங்கும் பரவியது.

மறுநாள் கழுத்தில் காய்ந்து வெடித்த வெள்ளைப் பூச்சோடுதான் அம்மா டொக்டரிடம் வந்தார். கழுவ மறுத்துவிட்டார். வரவேற்பு மேசையில் இருந்த பெண் பெயர் கேட்டார், விலாசம் கேட்டார், பிறந்த திகதி கேட்டார். ஒவ்வொன்றையும் நான் ஆங்கிலத்தில் சொன்னேன். அடுத்த கேள்விக்காக அம்மா என் தோளை நகம் பதிய இறுக்கிப் பிடித்திருந்தார். அடுத்த கேள்வி வரவில்லை. எங்களை இருக்கச் சொன்னார், அவ்வளவுதான். உள்ளே டொக்டர் இது என்ன பூச்சு என்று கேட்டபோது நான் தலையை நிமிர்த்தி, மான் கொம்பு என்றேன். அவர் பஞ்சை நனைத்து மெதுவாகத் துடைத்துவிட்டு, அமத்தினால் நோகிறதா என்று அம்மாவிடம் கேட்கச் சொன்னார்.

அது கசம், காசநோய். கழுத்தில் மட்டும் இருந்திருக்க வேண்டியது, நாங்கள் காட்டில் நடந்த மாதங்களில் நெஞ்சுக்கும் இறங்கியிருந்தது. மருந்து இலவசமாகவே கிடைத்தது, அம்மா பிழைத்தார். யாரும் வந்து கதவைத் தட்டவில்லை. சில வருடங்களில் கேஸிலும் வென்றோம். ஆனால் ஒரு நுரையீரல் பழையபடி ஆகவில்லை. இன்றைக்கும் அம்மா மாடிப்படியின் நடுவில் நின்று, சுவரில் எதையோ பார்ப்பது போலப் பாவனை செய்து மூச்சு வாங்குகிறார். நாங்களும் எதையோ பார்ப்பது போலக் கூடவே நிற்கிறோம்.

நான் பல்கலைக்கழகம் போனேன், பொதுச் சுகாதாரம் படித்தேன். இப்போது ஃபாரஸ்ட் கேட்டில் ஒரு சிறிய மருத்துவ நிலையத்தில், முதன்முதலாக வருகிறவர்களைப் பதிவு செய்கிற இடத்தில் இருக்கிறேன். அந்த நாற்காலிக்கு நான் உரித்தானவள் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. பெயர், விலாசம், பிறந்த திகதி. அதற்குப் பிறகு எதுவும் கேட்கப்படாத அந்த மௌனம்தான் அம்மாவைக் காப்பாற்றியது என்று நினைக்கிறேன். எங்கள் மேசையில் அது இன்னும் இருக்கிறது. பெரிய ஆஸ்பத்திரிகளுக்கு அனுப்பினால் பல இடங்களில் இல்லை. எவ்வளவு காலமாக இந்த நாட்டில் இருக்கிறீர்கள், என்ன விசா என்று அங்கே இப்போது கேட்கிறார்கள், ஹோம் ஒஃபீசிலும் விசாரிக்கிறார்கள்.

போன கிழமை ஒரு பெண் வந்து, சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, தமிழில் கேட்டார்: "தங்கச்சி, இஞ்ச பேர் குடுத்தா அது வேற எங்கையும் போகுமோ?"

"இஞ்ச இருந்து போகாது அக்கா" என்றேன்.

"ஆஸ்பத்திரிக்கு அனுப்பினா?"

அவருக்குச் சொல்ல என்னிடம் உண்மை மட்டும்தான் இருந்தது. அதைச் சொன்னால் எழும்பிப் போய்விடுவார் என்றும் எனக்குத் தெரிந்தது. "முதல்ல டொக்டரைப் பாருங்கோ அக்கா. அங்க போறதெண்டா நானும் வாறன்" என்று சொல்லி, அவருடைய பெயரைக் கேட்டேன்.

அவர் கதவையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் பேனாவை மேசையில் வைத்துவிட்டுக் காத்திருந்தேன்.