ஐயாவு அண்ணனின் திங்கட்கிழமை

எனக்கு வாய் நீளம் என்று மில்லில் எல்லோரும் சொல்வார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். பத்தாங் பெர்ஜுந்தாய்க்கு வெளியே ஒரு செம்பனை எண்ணெய் மில்லில், பழம் ஏற்றி வரும் லோரிகளை எடை போட்டுச் சீட்டு கொடுக்கிற வேலை எனக்கு. வெயிலில் காத்திருக்கும் லோரி ஓட்டிகளிடம் வாய் இல்லாதவள் ஒரு வாரம் தாக்குப் பிடிக்க மாட்டாள்.

ஐயாவு அண்ணன் எனக்கு நேர்மாறு. ஐந்து பேர் இருக்கிற இடத்தில் அவர் இருப்பதே தெரியாது. எங்கள் மில்லின் சர்வரைக் கான்ட்ராக்டில் பார்த்துக்கொள்கிறவர் அவர்தான். எடை மேடையில் ஏறும் ஒவ்வொரு லோரியின் விவரமும் அந்தப் பெரிய கம்ப்யூட்டரில்தான் போய்ச் சேரும். அது என் மகளைவிட மூத்தது. புதுசு வாங்குங்கள் என்றால், அடுத்த வருடம் என்று தலைமை ஆபீஸில் சொல்வார்கள். அடுத்த வருடம் கேட்டாலும் அதே பதில்தான் வரும்.

எங்கள் பக்கத்து இடியைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. ஒரு நாள் சாயங்காலம் விழுந்த இடியில் சர்வரின் நெட்வொர்க் போர்ட் கருகிப் போனது. எடை மேடைக்கும் சர்வருக்கும் பேச்சு நின்றது. அண்ணன் ராவாங் டவுனில் புது நெட்வொர்க் கார்டு ஒன்று வாங்கிவந்து மாட்டினார். மாட்டி என்ன பயன்? கார்டு சொல்வதை மெஷினுக்குப் புரிய வைக்க டிரைவர் என்று ஒரு சின்ன புரோகிராம் வேண்டுமாம். புதுக் கார்டுக்கு இருக்கிற டிரைவர் எங்கள் பழைய சர்வரில் ஏறாது. இத்தனை பழசுக்கு இப்போது யாரும் எழுதுவதும் இல்லை.

அவர் முன்பு வேலை செய்த ராவாங் தொழிற்சாலையில் கழித்துப் போட்ட ஒரு மெஷினிலிருந்து பழைய கார்டு ஒன்றைக் கேட்டு எடுத்து வந்தார். டிரைவர் ஏறியது, பச்சை விளக்கு எரிந்தது. அப்பாடா என்று உட்கார்ந்தேன். அடுத்த திங்கட்கிழமை வந்து பார்த்தால் சர்வருக்குக் கார்டையே தெரியவில்லை.

காரணம் ஞாயிற்றுக்கிழமை. அன்று பாய்லரை அணைத்துக் கழுவுவார்கள். அதன் நீராவியில்தான் எங்களுக்குக் கரண்ட். பாய்லர் நின்றால் மில்லுக்குக் கரண்ட் இல்லை, ஆபீஸுக்கும் இல்லை. முழுதாக அணைந்து எழும்பும்போதெல்லாம் சர்வர் அந்தக் கார்டை மறந்துவிடும். கார்டு வேறு கம்பெனி மெஷினுக்குச் செய்தது, இரண்டுக்கும் ஒத்துப்போகவில்லை என்றார் அண்ணன். மூடியைத் திறந்து, கார்டைக் கழற்றி, அது இல்லாமல் ஒரு தடவை எழுப்பி, அணைத்து, திரும்ப மாட்டி எழுப்பினால்தான் அடையாளம் தெரியும். அதற்காகத் திங்கட்கிழமைதோறும் அவர் வர வேண்டியதாயிற்று.

இழுத்தடித்துக் காசு பார்க்கிறாரோ என்று முதலில் எனக்கும் தோன்றியது. வந்தாலும் வராவிட்டாலும் வருடத்துக்கு ஒரே தொகைதான் என்று கணக்குப் பிரிவில் சொன்னார்கள். பெட்ரோல் செலவு அவருடையது. வாயை மூடிக்கொண்டேன்.

முதல் லோரி வருவதற்கு முன் மோட்டார் சைக்கிளில் வந்துவிடுவார். பின்னால் சாமான் பெட்டி கட்டியிருக்கும், கைப்பிடியில் இரண்டு பொட்டலம் நாசி லெமாக், தேங்காய்ப்பால் சோறு, தொங்கும், ஒன்று எனக்கு. கதவு ஆவென்று திறந்திருக்கும். இருந்தாலும் வாசலில் நின்று, “அம்சா, வரலாமா?” என்று கேட்பார். “இது என்னா கவர்னர் பங்களாவாண்ணே, உள்ள வாங்க” என்பேன். அடுத்த வாரமும் அதே வாசல், அதே கேள்வி.

அந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று ஒரு நாள் சொன்னார். அவர் புக்கிட் ரோத்தான் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டத்து லயத்து வீட்டில் பிறந்தவர். அப்பா பால் மரம் வெட்டியவர். வேலை இல்லாமல் தோட்ட ஆபீஸ் பக்கம் யாராவது நின்றால், கணக்கு எழுதும் கிராணி வெளியே வந்து, “என்னா வேலை உனக்கு இங்க?” என்று விரட்டுவாராம். சின்னப் பையனாக அவரும் விரட்டப்பட்டிருக்கிறார். அந்தத் தோட்டம் வீட்டு மனையாகி எத்தனையோ காலமாகிவிட்டது. இவர் மட்டும் இன்னும் காரணம் இல்லாமல் ஒரு வாசலையும் மிதிக்க மாட்டார்.

ஒரு தீபாவளிக்கு என் வீட்டுக்குக் கூப்பிட்டேன். “என்னா கெட்டுப் போச்சு?” என்று கேட்டார். ஒன்றும் கெடவில்லை, சாப்பிட வாருங்கள் என்றேன். வந்தார். வந்த மனிதர் எங்கள் வைஃபை பெட்டியை இடம் மாற்றி வைத்து, டிவி ஒயரைச் சீராக்கி, முறுக்கை நின்றுகொண்டே தின்றுவிட்டுக் கிளம்பிவிட்டார். இப்படியும் ஒரு பிறவி.

அவர் மனைவி நல்லம்மாள் இறந்து சில வருடங்கள் ஆகின்றன. ஒரே மகள் ஷர்மினி ஜொகூரில் குடும்பமாக இருக்கிறாள். வந்துவிடுங்கள் என்று கூப்பிடுகிறாள், இவர் போவதில்லை. அங்கே போய் நான் என்ன செய்வது என்பார். பெர்ஜுந்தாயில் மலிவு வீட்டு வரிசையில் கடைசி வீடு. இருபுறமும் வேற்று நாட்டு ஆட்கள் வாடகைக்கு இருக்கிறார்கள், காலையில் போனால் இருட்டித்தான் வருவார்கள். திங்கட்கிழமை கார்டை மாட்டிவிட்டு, என் பிளாஸ்கிலிருந்து டீயை ஊற்றிக்கொண்டு, ஒரு வாரத்துப் பேச்சையும் பேசுவார். மீன்காரன் ஏமாற்றியது, குழாயில் தண்ணீர் வராதது, ரசத்தில் உப்பு கூடிப்போனது, எல்லாம் வரும்.

ஒரு நாள் சிரித்துக்கொண்டே, “வாரம் பூரா நான் பேசுற ஆளு நீ ஒருத்திதாம்மா” என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அன்றிலிருந்து பிளாஸ்கில் டீயைக் கொஞ்சம் கூடுதலாகவே ஊற்றி வந்தேன்.

இந்த வருடம் ஒரு புது மேனேஜர் வந்தார். அவர் வந்த சமயம் மழைக்காலம். ஒரு திங்கட்கிழமை பெர்ஜுந்தாய் சாலையில் தண்ணீர் ஏறி, அண்ணனின் மோட்டார் சைக்கிள் நடுவழியில் நின்றுவிட்டது. இங்கே லோரிகள் கேட்டைத் தாண்டிச் சாலை வரைக்கும் வரிசையாக நிற்கின்றன. கையால் சீட்டு எழுதி எழுதி என் விரல் வீங்கிப் போனது. மேனேஜர் வந்து, அத்தனை லோரி ஓட்டிகள் முன்னாலும் என்னைப் பார்த்துக் கத்தினார். இன்னொரு திங்கட்கிழமை இப்படி ஆனால் கோலா குபு பாரு பக்கத்து மில்லுக்கு மாற்றிவிடுவேன் என்றார். படுக்கையில் கிடக்கும் என் அம்மாவை விட்டுவிட்டு நான் எப்படி அவ்வளவு தூரம் போய் வருவேன்? எதற்கும் பதில் வைத்திருக்கும் என் வாய் அன்று திறக்கவில்லை. கண்ணில் தண்ணீர்தான் வந்தது.

திரும்பிப் பார்த்தால் மழைக்கோட்டில் நீர் சொட்ட ஐயாவு அண்ணன் வாசலில் நிற்கிறார். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார். அன்று வரலாமா என்று கேட்கவில்லை. நேராக உள்ளே போய்க் கார்டை மாட்டி வேலையை ஓட வைத்தார். டீ வேண்டாம் என்றுவிட்டார்.

மத்தியானம் லோரிகள் ஓய்ந்த பிறகு, சட்டைப் பையிலிருந்து ஒரு பென்டிரைவை எடுத்துச் சர்வரில் சொருகினார். கொஞ்ச நேரம் யாரும் எதையும் தொடக் கூடாது, இந்த நேரத்தில் கரண்ட் போனால் மெஷின் செத்துவிடும் என்றார். திரையில் ஒரு கோடு மெல்ல மெல்ல நகர்ந்தது. அது முடிந்ததும் அவரே சர்வரை முழுதாக அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, ஆற விட்டு, மறுபடி எழுப்பினார். மூடியைத் திறக்கவே இல்லை. பச்சை விளக்கு தானாக எரிந்தது.

இனிமேல் கார்டு காணாமல் போகாது என்றார். சர்வரின் மதர்போர்டுக்குள்ளேயே ஒரு புரோகிராம் இருக்கிறதாம். அதன் கடைசிப் பதிப்பைப் போட்டால் வேறு கம்பெனிக் கார்டையும் அது ஏற்றுக்கொள்ளும். செய்த கம்பெனியே அதை நெட்டிலிருந்து எடுத்துவிட்டது, எங்கெங்கோ தேடிப் பிடித்தேன் என்றார்.

எப்போது கிடைத்தது என்று கேட்டேன். போன தீபாவளிக்கு முன்னால் என்றார்.

எனக்கு வந்ததே கோபம். “அப்பவே ஏன்ணே போடல? நான் இங்க நாய் மாதிரி ஏச்சு வாங்குறேன்லா.”

அவர் பென்டிரைவைத் துடைத்துப் பைக்குள் வைத்தார். என்னைப் பார்க்கவில்லை.

“போட்டுட்டா நான் வர வேண்டியதில்லையேம்மா.”

கோபம் போன இடம் தெரியவில்லை. அவர் சாமான்களை ஒவ்வொன்றாகப் பெட்டிக்குள் அடுக்கி, மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு போனார்.

அடுத்த திங்கட்கிழமை சர்வர் சமர்த்தாக எழுந்தது. அதற்கடுத்த வாரமும் அப்படியே. மேனேஜருக்கு ஏகப்பட்ட சந்தோஷம், என்னைப் பார்த்துச் சிரிக்கக்கூடச் செய்தார். எனக்கோ அந்தப் பச்சை விளக்கைப் பார்க்கப் பார்க்க வயிற்றெரிச்சல். பிளாஸ்கில் டீ மிஞ்சியது.

பொறுக்க முடியாமல் ஒரு திங்கட்கிழமை போன் போட்டேன். வேலை ஒன்றும் இல்லை, சும்மா வந்து டீ குடித்துவிட்டுப் போங்கள் என்றேன்.

“வேலை இல்லாம ஆபீசுக்கு எப்படிம்மா வர்றது?” என்றார். மேனேஜர் ஒன்றும் சொல்ல மாட்டார் என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். இருக்கட்டும்மா, இருக்கட்டும்மா என்றே சொல்லிக்கொண்டிருந்தார். அவரைத் துரத்திய கிராணி எப்போதோ செத்துப் போயிருப்பார். ஆனாலும் அந்த ஆள் எங்கள் வாசலில் நிற்கிற மாதிரியே இருந்தது. அந்த ஆள் மட்டும் கையில் கிடைத்திருந்தால் நான் சும்மா விட்டிருக்க மாட்டேன்.

பிறகு ஒரு பொது விடுமுறை, அதுவும் திங்கட்கிழமைதான். பெர்ஜுந்தாய் கடைக்குப் போனவள் அவர் வீட்டுப் பக்கம் போனேன். கிரில் கதவு பூட்டியிருந்தது. அவர் உள்ளே நாற்காலியில் வாசலைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். வேலைக்குப் போடும் சட்டை, பையில் ஸ்க்ரூடிரைவர். வாசலில் மோட்டார் சைக்கிள் நின்றது, பெட்டி கட்டினபடி இருந்தது. என்னைப் பார்த்ததும் பதறி எழுந்து வந்து, “சர்வர் போச்சா?” என்றார். இல்லை என்றேன். அவர் முகம் வாடிவிட்டது. அவருக்கு எதிரில் அழக் கூடாது என்று, உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஏதோ சொல்லிவிட்டு வேகமாக நடந்தேன்.

அடுத்த திங்கட்கிழமை விடிந்ததும் ஆபீஸுக்கு வந்து முதல் வேலையாக அவருக்குப் போன் போட்டேன். மேனேஜர் தலைமை ஆபீஸுக்குப் போயிருந்தார்.

“அண்ணே, கார்டு மறுபடியும் போச்சு.”

அவர் போட்டது போகாது என்று அவருக்குத் தெரியும். அது எனக்கும் தெரியும்.

“லைட்டு எரியுதாம்மா?” என்றார்.

பச்சை விளக்கைப் பார்த்துக்கொண்டே எரியவில்லை என்றேன்.

“சரி. வர்றேன்.”

வழக்கத்தைவிடச் சீக்கிரமே வந்துவிட்டார். கைப்பிடியில் இரண்டு பொட்டலம் தொங்கியது. வாசலில் நின்று, “அம்சா, வரலாமா?” என்றார். வாங்கண்ணே என்றேன். சர்வருக்குப் பின்னால் போய்க் குனிந்தார். பச்சை விளக்கு பளிச்சென்று எரிந்துகொண்டிருந்தது. அவர் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். நான் லோரி வருகிறதா என்று பார்ப்பதுபோல ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். திரும்பவும் எட்டிப் பார்த்தபோது, அவர் கையை நீட்டி நெட்வொர்க் ஒயரை மெதுவாகப் பிடுங்கினார். விளக்கு அணைந்தது.

“ஆமாம்மா, போயிருச்சு” என்றார். “கழட்டித்தான் மாட்டணும்.”

பெட்டியைத் திறந்து ஸ்க்ரூடிரைவரை எடுத்தார். முதல் லோரி வர இன்னும் நேரம் இருந்தது. நான் இரண்டு கோப்பையிலும் டீயை ஊற்றினேன். இந்த வாரம் மீன்காரன் என்ன செய்தான் என்று கேட்டேன்.