றெக்கோட்டின் மற்றப் பக்கம்

சினிமாப் பாட்டில் வரும் காதலர்களைக் கண்டால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும். ஒரு வரியில் போய்விடு என்பான். அடுத்த வரியில் நீ போனால் செத்துப்போவேன் என்பான். ஏதாவது ஒன்றைச் சொல்லித் தொலையேன் என்று றேடியோவைப் பார்த்துக் கத்தத் தோன்றும்.

எழுபதுகளின் தொடக்கத்தில், யாழ்ப்பாணத்துக் கோப்பாயில், எனக்கும் அப்படி ஒருவர் வாய்த்தார். கல்யாண வீடுகளுக்கு லவுட்ஸ்பீக்கர் கட்டி றெக்கோட் போடுவது அவர் தொழில். பஸ் தரிப்பில் நேரே கண்டால் வாயில் கொழுக்கட்டை. மனதில் உள்ளதெல்லாம் பனையில் கட்டிய குழாய் வழியாக ஊருக்கே கேட்கும். நான் முகம் கொடுத்த நாளில் கொஞ்சல் பாட்டு, கொடாத நாளில் அழுகைப் பாட்டு. கல்யாண வீட்டுக்காரர் பாவம், தங்களுக்காகப் போடுகிறார் என்று நினைத்திருப்பார்கள். இருந்தாலும் எனக்கு அவரைத்தான் பிடித்திருந்தது. அதுதான் பெரிய வினை.

கொழும்பில் கிளாக்கராக இருந்த ஒரு மாப்பிள்ளையை அப்பா எனக்குப் பேசத் தொடங்கினார். நான் பஸ் தரிப்பில் இவரைப் பிடித்து, வெட்டொன்று துண்டு இரண்டாகக் கேட்டேன்.

"ஞாயிற்றுக்கிழமை அப்பா என்ரை முடிவைக் கேக்கிறார். நீங்கள் என்ன சொல்லுறியள்?"

"அண்டைக்கு உங்கடை பக்கத்து ஒழுங்கையிலை கல்யாண வீடு. நான்தான் பாட்டுப் போடுறன். பதிலை அங்கை கேளும்."

ஞாயிறு காலை வேலியோரம் நின்று கேட்டேன். என்னை மறந்துவிடு, திரும்பிப் பாராதே என்று ஒருவன் உருகி உருகிப் பாடினான். அதன் பிறகு குழாய் மூச்சுக் காட்டவில்லை. உள்ளே போய் அப்பாவிடம் ஓம் என்று சொல்லிவிட்டேன்.

மறுநாள் பஸ் தரிப்பில் அவர் வெளிறிப்போய் நின்றார்.

"அது பகிடிக்குப் போட்டது. என்ரை பதில் அந்த றெக்கோட்டின்ரை மற்றப் பக்கத்திலை. திரும்பி வா எண்டு அவன் அழுவான். தாலி கட்டிற நேரத்திலை உதென்ன ஒப்பாரியெண்டு பொம்பிளையின்ரை மாமன் வயரைப் பிடுங்கிப்போட்டார்."

எனக்குச் சிரிப்பதா அடிப்பதா என்று தெரியவில்லை.

"இன்னும் ரண்டு வீடும் சாதகம் மாத்தேல்லை. நிப்பாட்டலாம். அந்தப் பதிலை இப்ப வாயாலை சொல்லுங்கோ. நான் அப்பாவோடை கதைக்கிறன்."

அவர் நிலத்தைப் பார்த்தார். பஸ் வந்து நின்றது.

"பின்னேரம் பிள்ளையார் கோயிலிலை லவுட்ஸ்பீக்கர் கட்டுறன். அந்தப் பக்கத்தையே முதல் போடுறன், கேளும்."

எங்கள் பக்கத்தில் கடைக்குப் போகிறவர்கூடப் போறன் என்று சொல்லமாட்டார். போட்டு வாறன் என்று திரும்பி வருவதையும் சேர்த்துச் சொல்வதுதான் வழக்கம். வெறும் போறன் செத்த வீட்டில்கூட வாயில் வராத சொல். நான் பஸ் படியில் ஏறி நின்று, அவர் முகத்தைப் பார்த்து, "நான் போறன்" என்றேன்.

அவருக்கு விளங்கிவிட்டது. முகம் கறுத்துப்போனது. அப்போதும் அந்த மனிதர் வாயைத் திறக்கவில்லை.